அத்தை பாதியில் நிறுத்திய ஐம்பது மீட்டர்

அன்புள்ள பிள்ளைகளே,

உங்கள் அத்தை நம்மைப் பிரிந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை உறவினர்கள் எல்லாரும் படிப்பார்கள். என்றாலும் நான் உங்கள் இருவருக்காகத்தான் எழுதுகிறேன். ஆறாம் வகுப்புவரை படித்தவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவர் தங்கை. வீட்டில் வாடி போடி என்றுதான் பேசினேன். மலரில் அப்படி எழுத முடியுமா?

அத்தை கெடா மாநிலத்தில், பாடாங் மேஹா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தார். தோட்டத்து ஆற்றுக்குக் குளிக்கப் போனால் நாங்கள் கரையோரம் மொண்டு ஊற்றிக்கொள்வோம். அத்தை அக்கரைக்குப் போய்த் திரும்பிவிடுவார். இடைநிலைப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் அவர் திறமையைக் கண்டு, சுங்கை பட்டாணி நீச்சல் குளத்தில் பயிற்சிக்குச் சேர்த்தார். விடியுமுன் பஸ் பிடித்துப் போய், ஈரத் தலையோடு வகுப்பில் உட்காருவார்.

பதினைந்து வயதில் கெடா அணிக்கான தேர்வு அலோர் ஸ்டாரில் நடந்தது. ஐம்பது மீட்டர். முதல் இருவருக்கு மட்டும் இடம். தாத்தாவுக்கு லீவு கிடைக்கவில்லை, நான் துணைக்குப் போனேன். அதற்குமுன் அவர் போட்டியை நான் பார்த்ததே இல்லை.

அத்தைக்குச் சுவரோரத் தடம். மற்றப் பிள்ளைகள் தலையைத் திருப்பித் திருப்பி மூச்சு வாங்கினார்கள். அத்தை தலையைத் தூக்கவே இல்லை. கை மட்டும் படபடவென்று அடித்தது. பாதிக் குளம் தாண்டியும் முகம் வெளியே வரவில்லை. "ஐயோ, பிள்ளை மூழ்கிருச்சு!" என்று கத்தி, போட்டிருந்த சட்டை சிலுவாரோடு குதித்துவிட்டேன். எனக்கு நீந்தத் தெரியாது என்பது தண்ணீருக்குள் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

முன்னால் போய்க்கொண்டிருந்த அத்தை நின்றார். என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துச் சுவரில் சாய்த்தார்.

"அண்ணே, லூசா நீ?"

"நீ மூச்சே விடலையே புள்ள!"

"அம்பது மீட்டருக்கு யாராவது மூச்சு விடுவாங்களா? போச்சு, எல்லாம் போச்சு!"

அதற்குள் மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். இரண்டாவதாக வந்தது ஒரு சீனப் பிள்ளை. நடுவர் யோசித்தார். வெளியாள் குறுக்கே வந்ததால் அத்தை தனியாக மறுபடி நீந்தலாம், ஆனால் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். அத்தை வேகமாக வந்தால் அந்தச் சீனப் பிள்ளைக்குத்தான் இடம் போகும். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. என் சிலுவாரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சிரித்துவிட்டு, "பியார்லா சிக்கு" என்று நடுவரிடம் மலாயில் சொன்னது. பரவாயில்லை சார், அவள் நீந்தட்டும் என்று அர்த்தம்.

அத்தை மேடை ஏறுமுன் என்னிடம் வந்தார். "அண்ணே, நான் மூச்சு விட மாட்டேன். எனக்கும் சேர்த்து நீ விடு. உக்காந்துக்கிட்டே விடு, என்ன?"

பக்கத்தில் போட்டியாள் யாருமில்லை, கடிகாரம் மட்டும்தான். மயிரிழையில் அத்தைக்கு இடம் கிடைத்தது. சீனப் பிள்ளை மூன்றாமிடத்துக்குப் போனது. மறுவருடம் அதுவும் அணியில் சேர்ந்தது. இருவரும் கெடாவுக்காக ஒன்றாக நீந்தினார்கள். தேசிய அளவில் ஐம்பது மீட்டரில் அத்தை பல ஆண்டு வெற்றி வீராங்கனை. பிறகு தொழிற்சாலை வேலையோடு ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார்.

ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாம். உங்களுக்கு மட்டும் இல்லை. அத்தை எத்தனையோ முறை கேட்டார். சளி பிடிக்கும், பரீட்சை வருகிறது என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். அன்று குடித்த தண்ணீர் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நோயில் படுத்தபோதும், "புள்ளைங்கள விடுண்ணே" என்றார். "முதல்ல நீ எழுந்து வா" என்றேன். அவர் எழவில்லை.

கடைசிவரை பார்த்துக்கொண்ட தாதியருக்கும், காரியம் முடியும்வரை சோறாக்கி அனுப்பிய சிடாம் கிரி உறவினர்களுக்கும், திகாம் பத்து ஊர் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். சாவு வீட்டில் வெள்ளைச் சட்டையோடு ஓரமாக நின்று அழுத சீன அம்மாவை நீங்கள் பார்த்தீர்கள். அவர்தான் அன்று இடத்தை விட்டுக்கொடுத்தவர். போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்க பிள்ளைங்க நீந்துவாங்களா?" அந்தக் கேள்விக்குப் பதில் தேட ஓராண்டு ஆகிவிட்டது.

அத்தை நடத்திய ஞாயிறு வகுப்பை இப்போது அவர் நடத்துகிறார். போன வாரம் போய் உங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தேன். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தயாராக இருங்கள். பயமாக இருந்தால் அவரிடம் சொல்லுங்கள், என்னிடம் சொல்லாதீர்கள்.

உங்கள் அப்பா