ஒரு மணி அடித்தால் நிறுத்து

என் வீட்டுக்காரருக்குப் பாட்டு வராது. இது ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. குளியலறையில் அவர் வாயைத் திறந்தால் எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். ஒருநாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொல்லியும் பார்த்தேன். "உனக்குப் பொறாமை" என்று முடித்துவிட்டார்.

சுரங்கத்தில் விஞ்ச் ஓட்டுகிறார். ஆட்கள் ஏறிய கூண்டைக் கம்பிக்கயிற்றில் மேலும் கீழும் இழுக்கும் இயந்திரம் அது. அவர் இருக்கும் இடத்திலிருந்து கூண்டு கண்ணுக்குத் தெரியாது. கூண்டில் நிற்பவர் கயிற்றை இழுத்தால் இவர் தலைக்கு மேலே மணி அடிக்கும். ஒரு மணி என்றால் நிறுத்து, மூன்று மணி என்றால் ஆளோடு தூக்கு. மணி வராமல் லீவரைத் தொடவே கூடாது. கீழே இருப்பவர் கை கம்பிக்கு வெளியே நீட்டியிருந்தால் அந்தக் கை அவ்வளவுதான். வேலை நேரம் பூராவும் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடும். அதனால் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

நானும் அதே சுரங்கத்தில்தான், தலைவிளக்கு கொடுத்து வாங்கும் அறையில் இருக்கிறேன். என் தம்பி கீழே மேஸ்திரி. சிரித்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று உதட்டை இறுக்கி வைத்திருப்பவன். என் கல்யாணத்தில் மாப்பிள்ளையே மைக்கைப் பிடித்துப் பாட ஆரம்பித்தபோது, ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கிய புண்ணியவான் அவன்தான்.

அன்றைக்குக் கீழே கூரை சரிந்து வழி அடைபட்டது. தம்பியும் அவன் ஆட்கள் நாலு பேரும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். நல்லவேளை, அவர்கள் தலைக்கு நேர் மேலே ஒரு பழைய காற்றுக்குழி இருந்தது. மணிக்கயிறும் ஒரு ஸ்பீக்கர் போனும் கட்டிய, ஒற்றை ஆள் நிற்கிற ஒல்லிக் கூண்டை அதில் இறக்கினார்கள். கொஞ்சம் தள்ளித் தகரக் கொட்டகையில் விஞ்சை வைத்து இவரை உட்காரவைத்தார்கள். நானும் உள்ளே புகுந்துவிட்டேன். வெளியே போகச் சொன்னார் மேனேஜர். "நீங்க போய் ஆகவேண்டியதப் பாருங்க சார்" என்றேன். போய்விட்டார்.

போனில் முதலில் வந்த குரல் துளைபோடுகிற பையனுடையது. அவனுக்குக் கல்யாணம் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. "ரேடியோ அண்ணே, ஏதாச்சும் பாட்டுப் போடுங்க. கல்லு விழுற சத்தத்தக் கேக்க முடியல."

இவருக்குக் கேட்கவா வேண்டும்? அவன் ஏறியதும் 'கதவைத் தட்டாதே கண்ணாளா, கட்டிலில் அப்பா தூங்குறார்' என்ற குத்துப்பாட்டைப் போட்டார். அவன் மேலே வந்தபோது வெட்கத்தில் முகம் சிவந்திருந்தது. அடுத்து வண்டி தள்ளுகிற குண்டு அண்ணன். அவரை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிக் கூண்டில் திணித்திருக்கிறார்கள். அவருக்குக் கொடியிடையாளை வர்ணிக்கிற காதல் பாட்டு. "மேல வந்து பேசிக்கறேண்டா" என்று வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தார். தலைக்குச் சாயம் பூசுகிறவருக்குக் கருங்கூந்தல் பாட்டு. வேலையில் தூங்குகிறவருக்குத் தாலாட்டு. குழியைச் சுற்றி நின்ற பெண்டாட்டி பிள்ளைகளெல்லாம் அழுதுகொண்டே சிரித்தார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. என் தம்பி இன்னும் கீழேதான் இருந்தான்.

மேஸ்திரி கடைசியாகத்தான் ஏற வேண்டும், அது அங்கே எழுதாத சட்டம். "ஏறிட்டேன்" என்று போனில் சொன்னான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மணி வரவில்லை.

"மாப்ள, மணிய இழு" என்றார் இவர்.

மூச்சு மட்டும் புஸ் புஸ்ஸென்று கேட்டது. கல் சரிகிற சத்தமும் கேட்டது, முன்னைவிடப் பெரிதாக.

"தம்பி, இழுடா. அக்கா பேசறேண்டா." அதற்கும் அதே மூச்சுதான். "பாத்துக்கிட்டே இருக்கீங்களே, தூக்குங்க அவன" என்று இவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"மணி வரலடி. அவன் கை எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" இவர் முகம் வெளிறிவிட்டது. போனையே பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று பாட்டு ஸ்பீக்கரை அணைத்தார். தொண்டையைக் கனைத்தார். கல்யாணத்தில் பாதியில் நின்றுபோன அதே பாட்டைத் தன் சொந்தக் குரலில் ஆரம்பித்தார்.

பல்லவி முடிவதற்குள் தலைக்கு மேலே மணி அடித்தது. ஒரே ஒரு மணி.

நிறுத்து என்கிறான். இவர் நிறுத்துவாரா? சரணத்துக்குப் போனார். மறுபடி ஒரு மணி, இந்தத் தடவை வெடுக்கென்று. வெளியே குண்டு அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒண்ணுக்கெல்லாம் நிறுத்த முடியாது மாப்ள. மூணு அடி" என்று இவர் போனில் சொல்லிவிட்டு, இன்னும் மேல் ஸ்தாயிக்கு ஏறினார். கண்றாவி. அதுக்கப்புறம்தான் வந்தது: ஒன்று, இரண்டு, மூன்று. பாட்டு நின்றது, கயிறு நகர்ந்தது.

வெளியே வந்தவனை முதலில் நாலு சாத்து சாத்தினேன். அப்புறம்தான் கட்டிக்கொண்டேன். "எல்லாரையும் ஏத்தி விடறவரைக்கும் ஒண்ணும் தெரியலக்கா. கதவச் சாத்தினதும் கை என் பேச்சக் கேக்கல" என்றான்.

கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். இவர் லீவரை விடாமல் பிடித்தபடி, வாய்விட்டு, ஏற்ற இறக்கத்தோடு அழுதுகொண்டிருந்தார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து இவர் விரல்களை ஒவ்வொன்றாக லீவரிலிருந்து பிரித்தான்.

"அழறதையாவது சுதியோட அழுங்க மாமா" என்றான்.

சொன்னவனும் அழ ஆரம்பித்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்தாயியில். கேட்கச் சகிக்கவில்லை. நானும் சேர்ந்துகொண்டேன்.