ஜெர்ரிக்கு ஒரு தரைத்தள வீடு

பிரிஸ்கில்லா சகாயநாதன், பிறப்பு 1957, புதுச்சேரி. உப்பளத்தில் வாழ்ந்துவருகிறார். கணவர் சகாயநாதன் 2009இல் காலமானார். ஒரே மகன் ஜெர்ரிக்கு முப்பத்தைந்து வயது, பிறவியிலேயே மூளைவாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடப்பான். படியேற மாட்டான். அவன் பேச்சு தாய்க்கு மட்டுமே விளங்கும்.

பழைய குடியிருப்பை இடித்து அடுக்குமாடி கட்டியபோது இவர்களுக்கு ஒதுக்கப்பட்டது மூன்றாம் மாடி. லிப்ட் கிடையாது. ஏற்றிவிட்டால் ஜெர்ரி அப்புறம் தெருவையே பார்க்கப்போவதில்லை. கடுமையான குறைபாடு உடையவர்களுக்கே தரைத்தளம் என்றார்கள். ஜெர்ரியின் சான்றிதழிலோ நாற்பத்தைந்து விழுக்காடு. உதவித்தொகையும் அதைப் பொறுத்தே.

அந்தக் குறைந்த எண்ணுக்குக் காரணம் வேறெவரும் அல்லர், பிரிஸ்கில்லாவேதான். மருத்துவக் குழுவிடம் மகனை அழைத்துச் சென்ற அன்று, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கிளப்புவதுபோலவே கிளப்பினார். சவரம், பவுடர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மருத்துவர் பெயர் கேட்டபோது உதடு அசைந்தது ஜெர்ரிக்கு. பதில் வந்தது தாயிடமிருந்து. பேனா பிடித்த அவன் கையை அவர் கை பிடித்திருந்தது, கையெழுத்தும் விழுந்துவிட்டது. “பையன நல்லா வச்சிருக்கீங்க” என்று மருத்துவர் சொல்ல, அவர் பூரித்துப்போனார். தேவாலய வாசலில் கேட்கவேண்டிய பாராட்டு அது.

மறு ஆய்வு கோரி மனுச் செய்தார். நாளும் குறித்தாயிற்று. எதிர்வீட்டு அஞ்சலாட்சி யோசனை சொல்ல வந்தாள்.

“யக்கா, சொன்னா கேளு. ஒரு வாரத்துக்கு சவரம் பண்ணாத. கிழிஞ்ச கைலியக் கட்டி உடு. எச்சி வழிஞ்சா தொடைக்காத. பாத்தவொடனே நூறு போட்டுடுவாங்க.”

“எம் புள்ள என்ன பிச்சையெடுக்கவா போறான்?”

“அதுக்கில்லக்கா. அவங்களுக்குத் தெரியணுமில்ல?”

“குளிச்சிட்டுப் போனாலும் தெரியணும்டி. தெரியலன்னா அவங்க கண்ணுலதான் கோளாறு. அதுக்கும் ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கட்டும்.”

அஞ்சலாட்சி சிரித்துவிட்டாள். “சரி, ஒன் தொர முசியேவ மாப்பிள்ள மாதிரியே கூட்டிட்டுப் போ. மூணாவது மாடியில விருந்து வச்சிக்கலாம்.”

அந்தக் குத்தல் தைத்தது. சட்டைக்கு இஸ்திரி போடும்போதும் அதுவே மனத்தில் ஓடியது. ஜெர்ரியால் முடியாத ஒவ்வொன்றையும், அவன் திணறுவதற்கு முன்பே தாம் செய்து முடித்துவிடுகிறோம். பிறகு பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

மறு ஆய்வு நாளன்றும் அதே வெள்ளைச் சட்டை, அதே பவுடர். “பேர் என்னப்பா?” என்று குழுத் தலைவர் தொடங்கியதும் பிரிஸ்கில்லா எழுந்தார்.

“டாக்டர், நான் வெளிய உக்கார்றேன். நீங்களே கேளுங்க. கையெழுத்து வேணும்னாலும் வாங்கிக்கங்க.”

“எங்கம்மா போறீங்க? இவர யாரு பாத்துக்கறது?”

“அதத்தான் நீங்க எழுதணும்.”

கதவைச் சாத்திக்கொண்டு வந்து பெஞ்சில் அமர்ந்தார். உள்ளே ஜெர்ரி கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். மகன் அழைத்தும் அவர் போகாதிருந்தது வாழ்வில் அதுவே முதல் முறை. பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். செவிலியர் ஓடிவந்தார்.

“அம்மா, அவரு தண்ணி கேக்கறாரா, பாத்ரூம் கேக்கறாரா? ஒண்ணும் புரியல. சட்டையெல்லாம் நனஞ்சிடுச்சி.”

உள்ளே போய் மகனின் முகத்தைத் துடைத்தார். பையிலிருந்து இன்னொரு வெள்ளைச் சட்டையை எடுத்து, நிதானமாகப் பொத்தான்களை மாட்டிவிட்டார்.

“இப்ப எழுதுங்க டாக்டர்.”

எண்பத்தைந்து என்று எழுதினார்கள்.

வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்தில் எழுத்தர் சான்றிதழையும் ஜெர்ரியையும் மாறிமாறிப் பார்த்தார். “ஆளப் பாத்தா அப்படித் தெரியலியேம்மா.”

“உங்களப் பாத்தாகூட ஆபீசர்னு தெரியலதான். நான் நம்பலையா?”

தரைத்தள வீடு கிடைத்தது. சாவியோடு போய்ப் பார்த்தால், வாசலில் மூன்று படிகள், சாய்தளம் இல்லை. “கெடச்சதே பெருசு, உடுக்கா” என்றாள் அஞ்சலாட்சி. பிரிஸ்கில்லா விடவில்லை. ஜெர்ரிக்கு வெள்ளைச் சட்டை அணிவித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, சாய்தளம் கேட்டு அதே அலுவலகத்தில் அவர் மனுக் கொடுத்த நாள்: 12 ஆகஸ்ட் 2024.