எச்சிலிலைக் குத்தகை

குற்றாலம் என்றால் எல்லோருக்கும் அருவி நினைவுக்கு வரும். எனக்கு இலை நினைவுக்கு வரும். சாப்பிட்டு முடித்த வாழை இலை. ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் பேரருவிக்குப் போகிற சாலையின் இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடைகள் முளைத்துவிடும். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு அகோரப் பசி எடுக்கும். அவன் தின்று எறிந்ததை அன்றன்றைக்கே அள்ளாவிட்டால், மறுநாள் அந்தச் சாலையில் ஈயும் நாயும் தவிர வேறு யாரும் நடமாட முடியாது. அள்ளுகிற குத்தகை என்னுடையது. ஐம்பதுகளின் நடுவில் எடுத்தேன். பத்து வருஷத்துக்கு மேல் அதுதான் என் பிழைப்பு.

இலை மட்டுமில்லை. சீசன் முடிந்ததும் விடுதிக்காரர்களும் பங்களாக்காரர்களும் ஆள் அனுப்புவார்கள். எண்ணெய் ஊறிய பாய்கள், கால் ஒடிந்த கட்டில்கள், பஞ்சு பிதுங்கிய மெத்தைகள், நல்லெண்ணெய்க் குப்பிகள், யார் வீட்டுக் குழந்தையோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. ஒற்றைச் செருப்பை என்ன செய்வது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. குப்பியும் இரும்பும் தென்காசிக்குப் போகும். மட்கக்கூடியது எல்லாம் இலஞ்சிக்கு வெளியே, ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் நான் வெட்டி வைத்திருந்த குழிக்குப் போகும். இலையும் சாணமும் மண்ணுமாக அடுக்கி மூடினால் அடுத்த சாரலுக்குள் எருவாகிவிடும். அந்த எருவை வாங்கிப் போட்ட தோப்புக்காரர்கள் பலர். வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்குவார்கள்.

அதற்கு முன்னால் தென்காசியில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தேன். ஆலை மூடப்போகிறது என்று தெரிந்த சமயத்தில், அரிசி வாங்க வந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர், இலை அள்ள ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பினார். நான் அள்ளுகிறேன் என்றேன். அவர் சிரித்தார். வீட்டில் அம்மாவும் தங்கச்சியும் இருந்தார்கள், அப்பா இல்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆளை வைத்துச் செய்யலாம், நாம் ஓரமாக நின்று பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் என் திட்டம். வண்டியும் மாடும் வாங்கினேன். பரம்பரையாக ஊரின் குப்பையை அள்ளுகிற தெருவிலிருந்து ஒருவர் வண்டி ஓட்ட வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முதல் மாதம் நான் மூக்கில் கைக்குட்டையோடு நின்றேன். அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் கூடையை எடுத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கைக்குட்டையை நான் தேடவில்லை.

சொந்தக்காரர்கள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும். யாரும் சண்டை போடவில்லை. "வாங்க" என்றார்கள். உட்காரச் சொல்ல மட்டும் மறந்துபோனார்கள். பெட்டிக்கடைக்காரர் நான் நீட்டிய காசைப் பலகைமேல் வைக்கச் சொன்னார். வீட்டிலும் பின்வாசலில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். என் வேட்டிக்குத் தனிக் கொடி. அம்மா பாசமில்லாதவள் இல்லை. ஆனாலும் என் தட்டைத் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். தங்கச்சி மட்டும் மூக்கைச் சுளிக்காமல் பேசுவாள். இன்றைக்கு எந்தக் கடையில் என்ன கூட்டு, எவன் சாம்பாரில் தண்ணீர் ஊற்றினான் என்று கேட்பாள். இலையில் மிச்சம் கிடப்பதைப் பார்த்தே நான் அதையெல்லாம் சொல்லிவிடுவேன். "சாப்பிடாமலே ருசி சொல்லுத ஆளு எங்க அண்ணன் ஒருத்தன்தான்" என்று கேலி செய்வாள்.

சீசன் மூன்று மாதமும் குழியோரத்தில் ஓலைக் கொட்டகையில் இருப்பேன். ஊர் ஊராகச் சனங்கள் கூட்டம் கூட்டமாகக் குளிக்க வருகிற இடத்தில் நான் தனியாகக் கிடந்தேன். அழுக்கு அதிகம் உள்ளவன் நான்தான், ஆனால் அருவிக்குப் போகமாட்டேன். தண்ணீர் எல்லோரையும் குளிப்பாட்டிவிட்டு ஓடையாகி வருகிற இடத்தில் போய் உட்காருவேன். சில நாட்களில் மாட்டிடம் பேசியது தவிர வேறு பேச்சு இருக்காது. வண்டிக்காரர் பேசுவார், ஆனால் நான் முதலாளி, அவர் வண்டிக்காரர் என்ற வேலி எங்களுக்குள் இருந்தது. டீக்கடையில் அவருக்குக் கொட்டாங்கச்சியில் ஊற்றினார்கள். எனக்குக் கண்ணாடித் தம்ளர். நான் அதைப் பார்த்துக்கொண்டே குடித்திருக்கிறேன். எனக்குச் சில வருஷங்களாக நடப்பது அவருக்குப் பிறந்த நாளிலிருந்து நடக்கிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறைக்காததற்கு இன்று வெட்கப்படுகிறேன்.

தங்கச்சிக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது. நாலு வரன் வந்து, நாலும் என் தொழிலைக் கேட்ட இடத்தில் நின்றன. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். நாலு ஜாதகமும் பொருந்தாமல் போகிற அளவுக்கு அவள் என்ன பாவம் செய்தாளோ. திரும்பி வந்த ஜாதகத்தை அம்மா ஒவ்வொரு முறையும் என் கண் முன்னாலேயே பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அது நேரே திட்டுவதைவிட மோசமாக இருந்தது. தொழிலை விடுவதாக நானே ஒருமுறை சொன்னேன். விட்டுவிட்டு எதைச் சாப்பிடுவது என்று தங்கச்சிதான் கேட்டாள்.

ஐந்தாவது வரன் ஆலங்குளத்திலிருந்து வந்தது. பையனுக்கு அரசாங்க ஆபீசில் வேலை. வீட்டில் நிலமும் பசுமாடுகளும் இருந்தன. அம்மா முந்திக்கொண்டு, மகன் உர வியாபாரம் செய்கிறான் என்று சொல்லிவிட்டாள். பொய் என்று சொல்ல முடியாது. குழியிலிருந்து வருகிறது உரம், அதை நான் விற்கிறேன். குழிக்குள் போகிறது என்ன என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

ஆனி மாதத்திலேயே நிச்சயம் வைத்தார்கள். சீசன் உச்சத்தில் இருந்தது. ஒருநாள் வேலையை வண்டிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, நன்றாகத் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்தேன். வீட்டு முற்றத்தில் பந்தல். தாம்பூலம் மாற்றி, முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் இருபது பேர் உட்கார்ந்தார்கள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறினேன். எல்லோரும் திருப்தியாகச் சாப்பிட்டுக் கை கழுவப் போனார்கள். அப்போதுதான் தெரிந்தது, இலை எடுக்கச் சொல்லியிருந்த இரண்டு பெண்கள் மழையில் வந்து சேரவில்லை. அடுத்த பந்திக்கு ஆட்கள் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

விருந்து வைக்கிற வீட்டுக்காரன் இலை எடுப்பதில் ஒரு குற்றமும் இல்லை. நாலு பேர் பணிவு என்று மெச்சியும் இருப்பார்கள். ஒன்றிரண்டு இலையை இரண்டு விரலால் தயங்கித் தயங்கி எடுத்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். நான் தயங்கவில்லை. என் கை என்னைக் கேட்கவில்லை. வரிசையின் கடைசியில் குனிந்தேன், ஓர் இலையை இன்னோர் இலைக்குள் சொருகி, அதை அடுத்ததில் உருட்டி, ஐந்தைந்தாகச் சுருட்டிக்கொண்டே போனேன். ஒரு பருக்கை கீழே சிந்தவில்லை. வெற்றிலை மெல்லுகிற நேரத்துக்குள் இருபது இலையும் கூடைக்குள் போய்விட்டது. அதோடு நின்றேனா என்றால் இல்லை. பாயசம் ஊற்றிய தொன்னைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதில் குத்தியிருந்த ஈர்க்குகளைப் பிடுங்கி, சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். இலையில் ஒரு பங்கு மாட்டுத் தீவனத்துக்கும் போகும், ஈர்க்கு அதோடு போனால் மாட்டின் தொண்டையில் குத்தும். குற்றாலத்தில் நாள் முழுக்கச் செய்கிற வேலை அது.

நிமிர்ந்தபோது பந்தல் முழுக்க என்னையே பார்த்தது. மாப்பிள்ளையின் தாய்மாமா ஈரக் கையோடு என் எதிரே நின்றார். மாடு வைத்திருக்கிறவர். என் கையிலிருந்த ஈர்க்குகளைப் பார்த்தார்.

"பழகுன கைல்லா" என்றார்.

அம்மா உள்ளேயிருந்து வேகமாக வந்து, அவன் சும்மா ஒத்தாசைக்கு எடுத்தான் என்றாள். நாலு வரனை என் தொழில் தட்டிவிட்டது. ஐந்தாவதை என் கையே தட்டிவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் வரன் போகவில்லை. அன்று சாயங்காலம் கிளம்புவதற்கு முன் தாய்மாமா என்னைத் தனியாக வாசல் திண்ணைக்கு அழைத்துப் போனார். கெட்ட மனிதர் இல்லை. குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"பொண்ண எங்களுக்குப் புடிச்சிப் போச்சு. ஒங்க தொழில நான் கொற சொல்லல. ஆனா கல்யாணத்துக்கு எங்க பக்கத்து ஆளுக வருவாவ, நாலையும் கேப்பாவ. மாப்பிள்ளை கையப் புடிச்சிக் கூட்டிட்டு வாரது ஒங்க பெரியப்பா மவன்னு இருக்கட்டும். நீங்க வெளியூரு போயிருக்கியன்னு சொல்லிக்கிடுதோம்."

மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருவது பெண்ணின் உடன்பிறந்தவன். எங்களில் அதற்கு மாற்று ஆள் வைப்பது, உடன்பிறந்தவன் இல்லாத வீட்டில்தான். நான் உயிரோடு, அவர் முன்னால், புது வேட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். சரி என்று சொன்னேன்.

தங்கச்சி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். அவர்கள் பஸ் ஏறியதும் என்னிடம் வந்தாள்.

"நீ சரின்னு சொல்லிட்டு வந்துட்டியா? என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவ. அதான் கேக்கல."

நான் குற்றாலத்துக்குக் கிளம்பியபோது வாசல்வரை வந்தாள். மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் மழையைப் பார்த்தேன்.

ஆடி கழிந்து ஆவணியில் முகூர்த்தம். தென்காசியில் ஒரு சத்திரம் பிடித்தார்கள். பந்தல், சாப்பாடு, மேளம் எல்லாம் எச்சில் இலையில் வந்த காசு. அந்தக் காசில் யாருக்கும் வாடை அடிக்கவில்லை. அந்தச் சத்திரத்துக் குப்பையை அள்ளுவதும் எங்கள் வண்டிதான் என்பது மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது.

அன்று காலை கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தேன். முடியவில்லை. வேறு எந்த நாளிலும் எனக்கு அப்படி இருந்ததில்லை. செத்துப்போனவன் தன் வீட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பது இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. காக்கி அரைக்கால்சட்டை போட்டு, தலையில் துண்டைக் கட்டி, வண்டியில் ஏறிக்கொண்டேன். வண்டிக்காரர் என்னைப் பார்த்தார், தள்ளி உட்கார்ந்து இடம் விட்டுவிட்டு மாட்டை ஓட்டினார். நாங்கள் போனது சத்திரத்தின் பின்பக்கச் சந்துக்கு. பின்வாசலில் நிற்கிறவனின் முகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். அந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

கெட்டிமேளம் சந்துக்குக் கேட்டது. கையில் அட்சதை இல்லை. சும்மா நின்றேன். பக்கத்தில் வண்டிக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் வீட்டுக் கல்யாணம் எதற்காவது நான் போயிருக்கிறேனா என்று அந்த நேரத்தில் நினைத்துப் பார்த்தேன். அவர் கூப்பிட்டதுமில்லை, கூப்பிட்டிருந்தால் நான் போயிருக்கவும் மாட்டேன்.

பிறகு இலைகள் வரத் தொடங்கின. முதல் பந்தி, இரண்டாவது பந்தி, மூன்றாவது. கூடை கூடையாகப் பின்வாசலில் கொட்டினார்கள், நாங்கள் வண்டியில் ஏற்றினோம். அவியலில் மிச்சமே இல்லை. பாயசத்துக்கு இரண்டாம் முறை கேட்டிருக்கிறார்கள். விருந்து நன்றாக நடக்கிறது என்று இலைகளே சொல்லின. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கடைசியில் இலை எடுக்கிற அம்மாள் ஒரு பெரிய தலைவாழை இலையை மடிக்காமல், இரண்டு கையிலும் தட்டையாக ஏந்திக்கொண்டு படியிறங்கினாள். சோறு, பருப்பு, நெய், கூட்டு, அப்பளம், ஓரத்தில் லட்டு. வைத்தது வைத்தபடி இருந்தது.

"பொண்ணோட இலை. பக்கத்துல மாப்பிள்ளை நல்லாத்தான் சாப்பிட்டாரு. இது ஒரு பருக்கையத் தொடலய்யா. கேட்டதுக்கு, எங்க அண்ணன் சாப்பிடலன்னு சொல்லுது. அண்ணன் ஏதோ வெளியூராம்லா. மாட்டுக்குப் போட்டுரவா?"

அதை இங்கே கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன். சத்திரத்துச் சுவரோரம், வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன். கை கழுவத் தண்ணீர் கேட்டேன். வண்டிக்காரர் மாட்டுக்கு வைத்திருந்த வாளியிலிருந்து அள்ளி ஊற்றினார். பிறகு சந்தின் வாசலுக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வழியை அடைத்து நின்றார்.

தொடாத இலை எச்சிலா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எச்சிலாகவே இருந்தாலும் அது என் தங்கச்சி இலை. சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன், இப்போது சொல்வதில் என்ன. சோறு ஆறியிருந்தது. லட்டுவரை ஒன்றும் விடவில்லை. அவளிடம் இதை நான் இன்றுவரை சொல்லவில்லை.

துக்க வீட்டில் இலையை எதிர்ப்பக்கம் மடிப்பார்கள். கல்யாண வீட்டில், உறவு நிலைக்கட்டும் என்று நம் பக்கமாக மடிக்க வேண்டும். நான் என் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தேன்.