புஷ்பவதியின் ‘நே’

ஏவன்டேலில் ஒரு சூஷிக் கடையில் புஷ்பவதி பதினொரு வருடமாகச் சோறு உருட்டுகிறாள். முதலாளி ஹருயோ ஜப்பான்காரி. இங்கிலிஷில் கதைத்தாலும் ஒவ்வொரு வசனத்தின் வாலிலும் ஒரு ‘நே?’ வைப்பாள். “இன்றைக்குக் குளிர், நே?” நம்முடைய ‘தானே?’ மாதிரித்தான். திருப்பி ‘நே’ என்றால், ஓம் என்று ஒத்துக்கொண்டதாக அர்த்தம். பெரியவர்களுக்கு எதிர்க்கதை கதைக்காமல் வளர்ந்த புஷ்பவதிக்கு அது சுலபமாக வந்துவிட்டது. எதைக் கேட்டாலும் “நே” என்பாள். ஹருயோவுக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பார்த்தால், குளிர் அறைக் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே இருந்த மீன் முழுவதும் நாறிவிட்டது.

“நேற்றுக் கடை பூட்டியது கஜானி, நே?”

“நே,” என்றாள் புஷ்பவதி, வாய்ப் பழக்கத்தில்.

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. கோயிலுக்கு வாங்கிய வெற்றிலை வாடாமல் இருக்கட்டும் என்று குளிர் அறைக்குள் வாசலோரம் வைத்திருந்தாள். கஜானி பூட்டப்போன நேரம், “ஒரு நிமிசம் பிள்ளை” என்று உள்ளே ஓடி அதை எடுத்தவள், ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் கதவை இழுத்துச் சாத்தவில்லை.

கஜானி கைக்குழந்தைக்காரி. வேலைக்கு வந்து ஆறு மாதம். அவளுடைய விசா இந்தக் கடையின் பேரில்தான். வேலை போனால் நாட்டை விட்டே போக வேண்டியதுதான்.

ஹருயோ அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, கெட்ட மீன் துண்டொன்றை மூக்குக்கு நேரே பிடித்தாள்.

“நாறுகிறது, நே? உங்கள் வீட்டில் இதைத்தான் சாப்பிடுவீர்கள், நே?”

மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த நேரம் கஜானிக்கு இங்கிலிஷ் வரவில்லை. புஷ்பவதியின் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, வெத்திலை எடுக்க உள்ளுக்குப் போனது நீங்கள்தானே? சொல்லுங்கோவன். என்ர பிள்ளையை நினைச்சுப் பாருங்கோ.”

“என்ன சொல்கிறாள்? மன்னிப்புக் கேட்கிறாள், நே?”

புஷ்பவதி கையில் ஒட்டியிருந்த சோற்றைப் பார்த்தாள். முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

“நே,” என்றாள்.

அந்த ஒரு சொல் கஜானிக்கு விளங்கும். அதைச் சொல்லிக்கொடுத்ததே புஷ்பவதிதான். ஹருயோ வாசலைக் காட்டினாள். கஜானி ஏப்ரனைக் கழற்றி மடித்து அவள் கையிலேயே வைத்தாள்.

“கோயிலுக்குப் போனால் எனக்கும் சேர்த்துக் கும்பிடுங்கோ, அக்கா.”

அன்று பின்னேரம் பிள்ளையாருக்கு வைத்தபோது வெற்றிலை வாடவே இல்லை.