ஞாயிற்றுக்கிழமை போன் புதிர்கள்

மனைவி இறந்த பிறகு மகளை ராசிபுரம் பக்கத்தில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தேன். எனக்குச் சேலத்தில் நாளிதழ் அலுவலகத்தில் இரவுப் பணி. பத்து வயதுக் குழந்தையை வீட்டில் தனியாக விட்டுப் போக முடியாது. வேறு காரணம் இல்லை.

ஞாயிறு மாலைகளில் ஹாஸ்டல் போனிலிருந்து அவள் கூப்பிடலாம். பத்து நிமிடம் ஆனதும் மணி அடிப்பார்கள்; வரிசையில் நிற்கும் அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும். முதல் சில வாரங்கள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதோடு பேச்சு நின்றது. அதனால் புதிர் சொல்லத் தொடங்கினேன். எங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்துக்குப் புதிர் எழுதுவதும் என் வேலைதான். எதுவெல்லாம் இருக்க முடியாதோ அதையெல்லாம் தள்ளிவிட்டால் மிஞ்சுவது விடை. இப்படி யோசிக்கப் பழகிய குழந்தை எங்கே விட்டாலும் சமாளித்துக்கொள்ளும் என்று நம்பினேன்.

ஆரம்பத்தில் உடனுக்குடன் விடை சொன்னாள். அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு மாறிவிட்டது. "தெரியலைங்கப்பா" என்பாள். நான் முதலிலிருந்து விளக்குவேன். புதிர்களை எளிதாக்கிக்கொண்டே போனேன். கடைசியாகச் சொன்னது இது: மூன்று லாரிகளில் முட்டை, ஜவ்வரிசி, நூல். பச்சை லாரியில் ஜவ்வரிசி. சிவப்பு லாரியில் முட்டை இல்லை. நீல லாரியில் என்ன? அதற்கும் தெரியலை என்றாள். ஹாஸ்டல் அவள் புத்தியை மழுங்க அடிக்கிறது என்று தோன்றியது. திருப்பி அழைத்துவந்தால் இரவில் யார் பார்த்துக்கொள்வது?

பெற்றோர் பார்க்கும் நாள் வந்தது. வேப்பமரங்களுக்கு அடியில் ஜமக்காளம் விரித்து, குடும்பம் குடும்பமாகக் கேரியரைத் திறந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர். கடையில் வாங்கிய பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தேன். அவள் அறைத்தோழி, மேச்சேரிப் பக்கத்துச் சிறுமி, அம்மா கொடுத்தனுப்பிய அதிரசத்தோடு வந்து நின்றாள். லாரிப் புதிரைச் சொல்லி, உனக்காவது விடை தெரியுமா என்று கேட்டேன்.

"அதுவா மாமா? நீல லாரியில முட்டைங்க. போன்ல பேசிட்டு வந்ததுமே இவதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தா. எல்லா வாரமும் சொல்லுவாளே."

மகள் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். தோழி போன பிறகு, தெரிந்துகொண்டே ஏன் தெரியலை என்றாய் எனக் கேட்டேன். தலையை நிமிர்த்தவில்லை.

"சொல்லிட்டா, கெட்டிக்காரின்னு சொல்லிட்டு வெச்சுருவீங்க. தெரியலைன்னா மணி அடிக்கிற வரைக்கும் பேசுவீங்க."

யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னாள். விடை வந்ததும் செய்தியை முடித்து அச்சுக்கு அனுப்புவதுபோல், போனை வெச்சுரட்டுமா சாமி என்றுதான் கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் அவளிடம் பேச எனக்கு எதுவும் இருந்ததில்லை. கை கழுவக் கூட்டிப்போனேன். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு புதிர் வேண்டாம், சும்மா பேசுவோம் என்றேன். என்ன சாப்பாடு என்று கேட்டேன். தக்காளி சாதம் என்றாள். நீங்க என்ன என்றாள். நானும் ஏதோ சொன்னேன். அந்தப் பக்கம் வரிசையில் நின்ற பிள்ளைகளின் சலசலப்பு கேட்டது.

"ஏதாவது கணக்குப் போடுங்கப்பா" என்றாள்.

தயார் செய்யவில்லை என்றேன்.

"அப்ப நான் போடறேன். மூணு பிள்ளைங்க, மூணு கட்டிலு. சன்னலோரக் கட்டில்ல படுக்கறவளுக்கு அக்கா இல்ல..."

குறிப்புகளை முடிப்பதற்குள் விடை எனக்குத் தெரிந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் நேரம் இருந்தது.

"தெரியலையே சாமி" என்றேன்.

"சரி, மொதல்ல இருந்து வாரேன், கவனமா கேளுங்க" என்று ஆரம்பித்தாள்.