மெக்கானிக் பிறக்க வைத்த 'நேச்சா'

கை நசுங்கும்போது மெக்கானிக்கின் வாயில் வரும் வார்த்தையை, அவருடைய ஆறு வயது மகள் சர்ச் வகுப்பில் அப்படியே சொல்லிவிட்டாள். அன்று வீட்டில் அவருக்குச் செம டோஸ்.

"அடிபட்டா கத்தாம இருக்க முடியுமா?" என்றார் பாவமாக.

"கத்துங்க, வேணாங்கல. நல்ல வார்த்தையா கத்துங்க. பைபிள்ல பேருக்கா பஞ்சம்?" என்றாள் மனைவி.

மோசே, தாவீது எல்லாம் பெரியவர்கள். ஸ்பேனர் வழுக்கியதற்கெல்லாம் அவர்களை இழுப்பது மரியாதை இல்லை. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் பொல்லாதவன்தானே, அவனைக் கூப்பிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

மறுநாளே ஸ்பேனர் வழுக்கியது. "நேபுகாத்நேச்சாரே!" என்று அலறினார். சொல்லி முடிப்பதற்குள் பாதி வலி போய்விட்டது. வண்டிக்காரருக்குத்தான் முகம் வெளுத்தது.

"ஐயோ, அதுவும் போயிடுச்சா? புதுசு கிடைக்குமாண்ணே?"

ஷெட்டில் கூட வேலை செய்த மச்சானுக்கும் அது தொற்றிக்கொண்டது. நாக்கு சுளுக்கியதால் அவன் "நேச்சா!" என்று சுருக்கினான். கை சுட்டால் டீக்கடைக்காரர் "நேச்சா!" என்றார். ஊசி குத்தினால் தையல்கடை அக்கா "அட நேச்சா!" என்றாள்.

சர்ச் பக்கமே தலைவைத்துப் படுக்காத மச்சானை ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் இழுத்துப்போனார். பாதிரியார் வேதத்தைத் திறந்து, "நேபுகாத்நேச்சார்..." என்று கம்பீரமாகத் தொடங்கினார்.

மச்சான் பதறி எழுந்தான். "ஐயோ ஃபாதர், எங்க அடிபட்டுச்சு?"

மனைவி திரும்பிப் பார்ப்பதற்குள் மெக்கானிக் ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிந்துகொண்டார். அவர் போட்டிருந்தது செருப்பு.