என் தங்கையின் வெளுத்த முகம்

என் தங்கையைச் சாயல்குடிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில் கட்டிக்கொடுத்தோம். ராமேசுவரத்தில் எங்களோடு இருந்தவரை மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போகிறவள். கல்யாணமாகி மறு வருஷம் திருவிழாவுக்கு வந்தபோது வேறு ஆளாக இருந்தாள். முகம் வெளுத்து, கணுக்கால் வீங்கி, நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. மண் அடுப்பின் ஓரத்தைச் சுரண்டித் தின்பதைப் பார்த்துவிட்டு அம்மா கையில் அடித்தாள்.

“வயிறு பிசையுதுக்கா. மண்ணைத் தின்னாத்தான் அடங்குது,” என்றாள் என்னிடம்.

ஊருக்குத் திரும்பியவள் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். மாமியார் அவளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டார்.

“வேலைன்னாலே இவளுக்கு மயக்கம் வருது. சோம்பேறிய எங்க தலையில கட்டிட்டீக,” என்று வாசலில் நின்று சத்தம் போட்டார்.

“நடிக்கிறா,” என்று மட்டும் சொன்னார் கூட வந்திருந்த மாப்பிள்ளை.

பெற்ற அய்யாவும் அவளைத்தான் ஏசினார். அம்மா மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள்; தர்காவில் தண்ணீர் ஓதி வாங்கிவந்து குடிக்க வைத்தாள். அப்படியே மாதங்கள் போயின.

கடைசியில் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போனேன். டாக்டரம்மா அவள் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். ரத்தமே இல்லாத வெள்ளை.

“வெளிக்கு எங்கம்மா போவீங்க?”

“பனங்காட்டுக்குள்ள.”

“காலுக்குச் செருப்பு?”

தங்கை இல்லையென்று தலையாட்டினாள். மாமியார் வீட்டில் கழிப்பறை இருந்தது. ஆனால் குடிதண்ணீருக்கே அலைகிற ஊர் என்பதால் அதில் விறகு அடுக்கியிருந்தார்கள்.

மலத்தைச் சோதித்ததில் கொக்கிப்புழு என்றார்கள். மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியே ஏறி, குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்குமாம். பூச்சி மாத்திரையும் சத்து மாத்திரையும்தான் வைத்தியம். அந்தப் பூச்சி மாத்திரையை என் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சும்மாவே கொடுக்கிறார்கள். கல்யாணமான பெண்ணுக்கும் அது வேண்டியிருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று இன்னமும் மனசு அடித்துக்கொள்கிறது.

மழைக்காலம் முடிவதற்குள் அவள் முகத்தில் ரத்தம் ஊறிவிட்டது. அய்யா கடைத்தெருவில் ஒரு ஜோடி செருப்பு வாங்கிவந்து, அவள் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனார்.

பிறகு மாப்பிள்ளை வந்தார். “அதான் சரியாயிருச்சுல்ல, கெளம்பு.”

“மேலுக்கு முடியாமத்தான் விழுந்தா, நடிக்கலன்னு உங்க அம்மாட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. வாரேன்,” என்றாள் தங்கை.

அவர் எழுந்து போய்விட்டார். அம்மா அழுது பார்த்தாள். தங்கை அசையவில்லை.

இப்போது இறால் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். எனக்குப் பக்கத்து வீடுதான். காய்ச்சலில் உடம்பு கொதிக்கும்போதுகூடப் பகலில் பாயை விரிக்க மாட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பாள்.

“செத்த நேரம் படுடி,” என்பேன்.

“யாராச்சும் வந்தா என்னக்கா நெனப்பாக?” என்பாள்.